உப்பேறும் ஓடையும் நத்தையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தேன். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடையில், கல்லுக்குக் கல் ஒட்டியிருந்த சின்ன நத்தைகள் கோடையில் குறைந்துகொண்டே வருகின்றன, தண்ணீரில் உப்பு கூடிக்கொண்டே போகிறது என்று. அவ்வளவுதான் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலம் முழுக்க நத்தைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்த மாதம் முழுப் பக்கமும் அவற்றுக்கே.

கேள்வி (பள்ளி ஆசிரியை, குன்னூர்): உப்பு பட்டால் நத்தை சுருண்டு செத்துவிடும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஓடையில் கரைந்திருக்கும் கொஞ்ச உப்பும் அப்படித்தான் கொல்லுமா?

பதில்: இல்லை அம்மா. தோட்டத்து ஓடில்லா நத்தைமேல் கல் உப்பைத் தூவினால் உடம்பில் இருக்கும் நீர் தோல் வழியாக வெளியே இழுபட்டு, சீக்கிரமே உயிர் போய்விடுகிறது. ஓடையில் நடப்பது மெதுவானது, கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் எனக்குக் கவலை.

நம் மலை ஓடையில் உப்பு மிகக் குறைவு. நத்தையின் ரத்தத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், குளத்து நத்தையின் ரத்தத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். உப்பு கூடிய பக்கம் தண்ணீர் போகும் என்பதால், நத்தையின் தோல் வழியே ஓயாமல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வந்த நீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. அப்படித் தள்ளும்போது கூடவே கொஞ்சம் உப்பும் போய்விடும். போனதை மறுபடி ஓடை நீரிலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். சோடியம், குளோரைடு, ஓடு கட்டக் கால்சியம் எல்லாவற்றையும் இப்படித்தான் சேர்க்கிறது. மேய்ந்த பாசியிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஒரு பங்கு இதற்கே போய்விடும்.

ஆகவே, தண்ணீரில் துளி உப்பு கூடினால் சில நத்தைகளுக்கு வேலை மிச்சம்கூட ஆகலாம். ஆஸ்திரேலியாவில் ஃபைசா அக்யூட்டா என்ற நத்தையை வைத்துச் செய்து 2005ல் வெளியான ஆய்வில், உப்பு மிகக் குறைந்த நீரைவிட நடுத்தரமான உப்பில்தான் அது நன்றாக வளர்ந்தது, முட்டையிட்டது. அதற்குமேல் போகப் போக இரண்டும் சரிந்தன. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஆனால் ஃபைசா நிறையத் தாங்கும் இனம். எல்லா நத்தைக்கும் அந்தத் தெம்பு கிடையாது.

வெளியே இருக்கும் உப்பு ரத்தத்தின் உப்பை எட்டிவிட்டால் நத்தையால் சமாளிக்க முடியாது. ரத்தமும் வெளித் தண்ணீரோடு சேர்ந்து உப்பாகும், சதை நீரிழந்து சுருங்கும். அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே மேய்ச்சல் குறையும், வளர்ச்சி மந்தமாகும், முட்டை குறையும். இட்ட முட்டையும் சரியாகப் பொரிக்காது. பெரிய நத்தை தாங்குகிற உப்பை முட்டைக்குள் வளரும் குஞ்சு தாங்குவதில்லை. பெரும்பாலான குளத்து நத்தைகளுக்கு ஆயுளே ஓரிரு வருடம்தான். இரண்டு கோடையில் முட்டை பொரிக்காவிட்டால், செத்து மிதக்கும் நத்தை ஒன்றைக்கூட நாம் பார்க்காமலே ஒரு ஓடை காலியாகிவிடும். எனவே ஓடைக்குப் போனால் பெரிய நத்தை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இலைக்கு அடியில் பசை பசையான முட்டைத் திரள் இருக்கிறதா, கடுகு அளவுக் குஞ்சுகள் இருக்கின்றனவா, அதைப் பாருங்கள்.

கேள்வி (காரட் விவசாயி, கேத்தி பாலாடா): எங்கள் பக்கம் கடலும் இல்லை, உப்பளமும் இல்லை. மலை ஓடைக்கு எங்கிருந்து உப்பு வரும்? கடைசியில் விவசாயி தலையில்தான் கட்டுவீர்களா?

பதில்: தலையில் கட்டுவதற்காக எழுதவில்லை. நீங்கள் வெயிலிலும் பனியிலும் நின்று விளைவித்த காரட்டைத்தான் நான் சாப்பிடுகிறேன். ஆனால் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

உப்பு என்றால் சமையலறை உப்பு மட்டும் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் அதில் சேர்த்தி. நீங்கள் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடுதான். 50 கிலோ மூட்டையில் சுமார் 22 கிலோ வெறும் குளோரைடு. இதில் பொட்டாசியத்தின் பெரும்பகுதியை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரைடு மண்ணில் ஒட்டாது, மழைத் தண்ணீரோடு இறங்கி ஊற்றுக்கும் ஓடைக்கும் போய்விடும். நீர்வாழ் உயிர்களுக்காகக் கனடா நாடு வைத்திருக்கும் நீண்டகால அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. ஒரு மூட்டையின் குளோரைடு முழுவதும் ஓடைக்கு வந்தால், அதை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க 1.8 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஐப்பசி மழையில் அது பெரிய விஷயமில்லை. மாசி, பங்குனியில் ஓடை கணுக்கால் அளவுக்கு வற்றிக் கிடக்கும்போது அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

பொட்டாசியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நத்தைக்கும் அதன் பங்காளியான சிப்பிக்கும் சோடியத்தைவிடப் பொட்டாசியம் கடுமையானது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கைவிடப்பட்ட குவாரிக் குளத்தில் வெளியூர்ச் சிப்பி பெருகியபோது, 2006ல் அதை ஒழிக்க ஊற்றியது இதே பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் என்ற கணக்கில் ஊற்றினார்கள். சிப்பி அழிந்தது, மீன்கள் பிழைத்தன. மண் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் என்றேன் அல்லவா? அந்த மண்ணே அரித்துக்கொண்டு போனால் பொட்டாசியமும் கூடவே போகும். சரிவில் பாத்தியை மேலிருந்து கீழாகப் போடாமல் குறுக்காகப் போடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். காரட் கழுவும் தண்ணீரை நேராக ஓடையில் விடாமல் ஒரு குழியில் தேக்கி, மண் படிந்த பிறகு விடுங்கள். மண் பரிசோதனை செய்து தேவையான அளவு பொட்டாஷை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டால் உங்களுக்கும் பணம் மிச்சம். கனமழை வரப்போகிற அன்று போடவே வேண்டாம்.

சரி, உரம் மட்டும்தானா? இல்லவே இல்லை. நாம் தின்னும் உப்பில் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியே போகிறது. செப்டிக் டேங்க் அதைக் கொஞ்சம்கூடக் குறைக்காது. துணி சோப்பு, பாத்திரத் தூள், சுற்றுலா விடுதிகளின் கழிவு எல்லாம் சேர்ந்து பள்ளத்துக்கு வருகின்றன. மலம், சாணம் போன்றவற்றைத் தின்று செரிக்கக் கிருமிகள் இருக்கின்றன. குளோரைடைச் செரிக்கும் உயிர் ஒன்றுமில்லை. கலந்தது கலந்ததுதான்.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ஊட்டி): என் மகன் டொரண்டோவில் இருக்கிறான். அங்கே பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுகிறார்களாம். அங்கே நத்தை எல்லாம் என்ன ஆயிற்று? நம்முடைய உறைபனிக்கும் அப்படிச் செய்வார்களா?

பதில்: நம் ஊர் உறைபனி வெயில் வந்தால் கரைந்துவிடும், சாலைக்கு உப்பு தேவைப்படுவதில்லை. அங்கே நிலைமை வேறு. பனிக்கட்டி உருகவும் வண்டி வழுக்காமல் இருக்கவும் உப்பு கொட்டுகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்குக் கோடிக்கணக்கான டன் போகிறது. உருகிய நீரோடு அது ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது, நிலத்தடி நீரிலும் இறங்குகிறது. அதனால் கோடையிலும் சில ஓடைகளில் உப்பு குறைவதில்லை.

அங்கே அளவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா 1988ல் வைத்தது நீண்டகாலத்துக்கு லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு, குறுகிய நேரத்துக்கு 860. கனடாவில் 120, 640. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் ஒரே மாதிரி சோதனை செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவுகளுக்குக் கீழேயே பல ஏரிகளில் பாசியைத் தின்று மிதந்து வாழும் சிற்றுயிர்கள் பாதிக்குமேல் குறைந்துபோனது தெரிந்தது. பாசியைத் தின்பவை குறைந்ததும் பல இடங்களில் பாசி கூடியது. நத்தையும் பாசி மேய்வதுதான். அது குறைந்தால் கல்மேல் வழுக்கும் பாசி எப்படித் தடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் குளோரைடு 250 மில்லிகிராம், வேறு வழி இல்லாவிட்டால் 1000 வரை. அது நம் நாக்குக்கும் உடம்புக்கும் வைத்த அளவு. "ஓடைத் தண்ணீர் குடிநீர்த் தரத்தில் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நத்தைக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நம் மலைக்கு இன்னொரு பலவீனம் உண்டு. நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் என்ற ஒருவகைக் கருங்கல் பாறை. சுண்ணாம்புப் பாறை இல்லை, அதனால் ஓடை நீர் மென்மையாக, கால்சியம் மிகக் குறைவாக இருக்கிறது. கடின நீரில் குளோரைடின் கொடுமை கொஞ்சம் அடங்கும், மென்மையான நீரில் அடங்காது. வெளிநாட்டில் கடின நீரை வைத்துச் சொன்ன பாதுகாப்பு அளவை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் ஏமாந்துபோவோம். ஏற்கனவே இங்கே நத்தைகளுக்கு ஓடு கட்டவே கால்சியம் போதாது. பல நத்தைகளின் ஓட்டு நுனி கரைந்து வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (வாசகி, கோத்தகிரி): எங்கள் படுகர் ஊரான ஹட்டியில் வருடத்துக்கு ஒரு முறை மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கும் பண்டிகை உண்டு. "அதுவும் ஓடையைக் கெடுக்கும்" என்று என் பேத்தி சொல்கிறாள். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லவே வேண்டாம் அக்கா. தாராளமாகக் கொண்டாடுங்கள். குழியில் கரைக்கும் உப்பை மாடே குடித்துவிடுகிறது. வருடத்தில் ஒரு நாள், சில கிலோ. ஒரு ஏக்கர் காய்கறித் தோட்டத்துக்குப் போகும் உரத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. நீலகிரிப் பழங்குடிகளான தோதவர்களும் எருமைகளுக்கு இப்படி உப்பு கொடுப்பார்கள். 1901, 1902ல் இங்கே வந்து அவர்களோடு இருந்த மானுடவியலாளர் ரிவர்ஸ் அந்தச் சடங்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

உங்கள் பேத்திக்கு இதைச் சொல்லுங்கள். இங்கே கொட்டும் மழை மண்ணில் இருக்கும் சோடியத்தைக் காலம் காலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. புல்லில் உப்பு போதாது, அதனால் மாடு உப்புக்கு ஏங்கும். நம் பெரியவர்கள் அதை அறிந்துதான் கொடுத்தார்கள். ஓடை நத்தைக்கும் அதே உப்புப் பஞ்சம்தான். அந்தப் பஞ்சத்திலேயே பிறந்து, கிடைத்ததைப் பிடித்துச் சேர்த்து வாழப் பழகிய உடம்பு அது. திடீரென்று உப்பு கூடினால் அதற்குத் தாங்கவில்லை. அவள் இவ்வளவு அக்கறையாக யோசிக்கிறாள் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி (கல்லூரி மாணவர், ஊட்டி): கோடப்பமந்து கால்வாயும் ஏரி முகப்பும் சாக்கடையாக இருக்கின்றன. மோசமான தண்ணீரில் நத்தை வாழாது என்றால் அந்த மாதிரி இடங்களில் ஏன் கொத்துக் கொத்தாக நத்தை இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஒரு நத்தையை எடுத்து, கூர்நுனி மேலே இருக்க, வாய் உன்னைப் பார்க்கப் பிடி. வாய் உன் இடது கைப் பக்கம் இருந்து, ஓடு மெல்லிசாகப் பளபளப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஃபைசாதான். வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு உலகம் முழுக்கப் பரவிவிட்ட நத்தை. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் பிழைக்கும். கழிவு நீரில் பாசி நிறைய, சிமெண்டுச் சுவரிலிருந்து கால்சியமும் கிடைக்கும். அதற்கு வேறென்ன வேண்டும்?

திருகு திருகாக நீண்ட ஓடுள்ள மெலனாய்டிஸ் நத்தை இன்னொரு தாங்கும் இனம். கழிமுகத்து உப்பு நீரிலும் வாழும். பெண் மட்டுமே போதும், ஆண் இல்லாமல் பெருகும். முட்டையை வெளியே விடாமல் குட்டியாகவே போடும். முதல் பதிலில் முட்டையைப் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்து யோசித்துப் பார்.

நீ எண்ண வேண்டியது எத்தனை நத்தை என்று அல்ல, எத்தனை வகை என்று. கெட்ட நீரில் ஒரே வகை ஆயிரக்கணக்கில் இருக்கும். சோலையிலிருந்து இறங்கும் நல்ல ஓடையில் நத்தை குறைவாகவே தெரியும். ஆனால் அங்கே கல்லுக்கு அடியில் செவுளால் சுவாசிக்கும் வகை, வாயை மூடிக்கொள்ள ஓட்டுக்கதவு உள்ள வகை எல்லாம் பார்க்கலாம். உப்பும் அழுக்கும் ஏற ஏற முதலில் போவது இவை. ஜெர்மனியில் வெரா என்ற ஆற்றில் பொட்டாஷ் சுரங்கக் கழிவு காலம் காலமாகக் கலந்ததில், ஊர் நத்தைகள் போய் நியூசிலாந்திலிருந்து வந்த சின்ன நத்தை ஒன்று அங்கே பெருகிவிட்டது.

கேள்வி (பால் உற்பத்தியாளர், கோத்தகிரி வட்டம்): மாட்டுக்கு ஈரல் புழு வருவது நத்தையால்தான் என்று கால்நடை டாக்டர் சொன்னார். அப்படியானால் உப்பு ஏறி நத்தை சாவது நமக்கு நல்லதுதானே? எங்கள் சதுப்பில் நாலு மூட்டை உப்பு போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்னது சரி. ஈரல் தட்டைப்புழுவின் முட்டை சாணியோடு தண்ணீருக்கு வருகிறது. பொரித்து வரும் குட்டிப்புழு ஒரு வகைக் குளத்து நத்தைக்குள் புகுந்து பல மடங்கு பெருகுகிறது. அப்புறம் வெளியேறிப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லைத் தின்ற மாடு இளைத்து, தாடைக்குக் கீழே வீங்கி, பால் குறைந்து நிற்கும். நீங்கள் படும் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

ஆனால் உங்கள் சதுப்பு பத்து சென்ட், ஓர் அடித் தண்ணீர் என்று வைத்தால் 1.2 லட்சம் லிட்டருக்கு மேல் இருக்கும். பெரிய நத்தை சாக லிட்டருக்கு 5 கிராம் என்று போட்டாலே 600 கிலோ உப்பு வேண்டும். நாலு மூட்டையில் தவளைக்குஞ்சும் பூச்சிகளும் சாகும், நத்தையில் பாதி கரையேறி ஈரமண்ணில் ஒதுங்கிக்கொள்ளும். அடுத்த மழையில் அந்த உப்பு முழுவதும் கீழே இருப்பவரின் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் போகும். சதுப்புப் புல்லும் கருகும், அடுத்த வருடம் மேய்ச்சல் இருக்காது.

செய்ய வேண்டியது வேறு. சதுப்பின் விளிம்பில் வேலி போட்டு மாடு இறங்காமல் செய்யுங்கள். குழாயில் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவந்து கொடுங்கள். சதுப்போரப் புல்லை அறுத்தால் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். சாணத்தைத் தண்ணீர்ப் பக்கம் சேரவிடாதீர்கள். குடற்புழு மருந்து எல்லாம் ஈரல் புழுவைக் கொல்லாது, அதற்கென்று தனி மருந்து உண்டு. எப்போது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருந்தகத்தில் சாணியைக் காட்டிக் கேளுங்கள். வாத்து வளர்க்க வசதி இருந்தால் அது நத்தையை விரும்பித் தின்னும்.

கேள்வி (வாசகர், குன்னூர்): மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கல் உப்பு போட்டேன். மீன் தேறிவிட்டது, நத்தைகள் எல்லாம் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டன. சில கதவை மூடிக்கொண்டு கீழே கிடக்கின்றன.

பதில்: தப்பிக்கத்தான் ஏறுகின்றன. கீழே கிடப்பவற்றைச் செத்துவிட்டதாக நினைத்து எறியாதீர்கள், கதவை மூடிக்கொண்டு சில நாள் தாங்கும். எல்லாவற்றையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஆனால் ஒரேயடியாக நல்ல தண்ணீரில் போட வேண்டாம், உடம்பு ஊறி வீங்கும். தொட்டித் தண்ணீரில் பாதி, நல்ல தண்ணீர் பாதி என்று தொடங்கி, சில மணிக்கு ஒருதரம் நல்ல தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அப்புறம் ஒன்று, தொட்டியில் தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது. வற்றியதை நிரப்பும்போது மறுபடியும் உப்பு போட்டால் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும். கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால்தான் குறையும். அடுத்த முறை நோய் வந்த மீனைத் தனியே எடுத்து அதற்கு மட்டும் உப்பு வைத்தியம் செய்யுங்கள்.

கேள்வி (தமிழாசிரியர், கொடைக்கானல்): நத்தை இனமே கடலிலிருந்து வந்ததுதானே? உப்பு ஏறினால் மறுபடியும் பழகிக்கொள்ளாதா?

பதில்: கடலிலிருந்து வந்ததற்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே அருமையான சாட்சி இருக்கிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம் பக்கத்து அருவிப் பாறைகளில் கிரெம்னோகாங்கஸ் என்ற சிறு நத்தை வாழ்கிறது. அதன் சொந்தங்கள் எல்லாம் கடற்கரைப் பாறையில் அலை தெறிக்கும் இடத்தில் இருப்பவை. இது மட்டும் நன்னீர் தெறிக்கும் பாறைக்கு வந்து தங்கிவிட்டது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் அந்த மாற்றத்துக்கு மிக நீண்ட காலம் கிடைத்தது. சாலை உப்புக்குப் பழகிய தண்ணீர்ப் பூச்சி ஒன்று உண்டு. டாஃப்னியா என்ற அந்த உயிர் இரண்டரை மாதத்திலேயே பல தலைமுறைகளைக் கடந்து தாங்கும் சக்தி பெற்றதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஓடை நத்தைக்கு ஒரு தலைமுறைக்கே மாதக்கணக்கு, சிலவற்றுக்கு வருடம். அதோடு நம் ஓடைகள் தனித்தனிப் பள்ளங்களில் ஓடுகின்றன. ஒன்றில் அற்றுப்போனால் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மலையேறி வர நத்தையால் முடியாது. 2022 ஆகஸ்டில் போலந்து, ஜெர்மனி எல்லையில் ஓடர் ஆற்றில் நடந்ததைப் பாருங்கள். சுரங்க உப்புநீர் கலந்த ஆறு, வெயில், வற்றிய நீரோட்டம். வழக்கமாக உவர்நீரில் வளரும் நச்சுப் பாசி அங்கே பெருகி, நூற்றுக்கணக்கான டன் மீன் செத்தது. சிப்பியும் நத்தையும் கூடவே போயின. பழகிக்கொள்ள அவற்றுக்கு ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

கேள்வி (காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி): ஆப்பிரிக்க ராட்சத நத்தை மழைக்காலத்தில் தோட்டத்தையே மொய்க்கிறது. உப்பு தூவுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பதில்: இந்த நத்தையை ஒழிக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை, அது வெளியிலிருந்து நம் மண்ணுக்கு வந்து சேர்ந்த பீடை. உப்பு மட்டும் வேண்டாம். செடி வேரும் மண்புழுவும் கெடும், மழையில் கீழே ஓடைக்குப் போய் ஒன்றுமறியாத நீர் நத்தையைத் தாக்கும். மாலையில் நனைத்த சாக்கை அங்கங்கே விரித்து, அதன்கீழ் பப்பாளித் தழையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடிகாலையில் தூக்கினால் கூட்டமாக இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கலாம். கையுறை போட்டுப் பொறுக்கி, ஒரு வாளியில் கரைத்த கெட்டி உப்புநீரில் போட்டுக் கொல்லலாம். அந்த வாளி நீரை ஓடைப் பக்கமோ செடிப் பக்கமோ கொட்ட வேண்டாம். செத்தவற்றை ஆழமாகப் புதையுங்கள். மண்ணுக்குள் இருக்கும் மஞ்சள் நிற முட்டைகளையும் தோண்டி எடுத்தால்தான் அடுத்த மழைக்குக் குறையும்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி, குந்தா): அறிவியல் கண்காட்சிக்கு, எவ்வளவு உப்பில் நத்தை சாகிறது என்று செய்து காட்டலாமா டீச்சர்?

பதில்: சாகடிக்காமலே இதைவிட நல்ல கண்காட்சி செய்யலாம் கண்ணு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பள்ளியில் வாங்கித் தரச் சொல். சோலைக்குள்ளிருந்து வரும் ஓடை, தேயிலைக்குக் கீழே, காய்கறித் தோட்டத்துக்குக் கீழே, ஊருக்குக் கீழே என்று ஒரே ஓடையில் நாலு இடம் எடுத்துக்கொள். சோலை ஓடையில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே காட்டும். கீழே வர வர என்ன காட்டுகிறது என்று பார். மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுது. மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், குளோரைடு தனியாகத் தெரிய வேதியியல் ஆசிரியரிடம் சில்வர் நைட்ரேட் சோதனை செய்யக் கேள். வெள்ளையாகத் திரியும், அதிகம் இருந்தால் அதிகமாகத் திரியும். சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுக்கும், அதனால் அதை ஆசிரியரே ஊற்றட்டும்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு நேரம் கற்களைத் தூக்கிப் பார்த்து, எத்தனை வகை நத்தை, எத்தனை முட்டைத் திரள் என்று குறித்துக்கொள். கல்லை எடுத்த மாதிரியே திரும்ப வை. ஒரு முட்டைத் திரளை அதே ஓடை நீரில் கண்ணாடிப் புட்டியில் வைத்து, உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே குஞ்சு சுற்றிக்கொண்டே இருப்பது தெரியும். சமவெளியில் இரண்டு வாரத்தில் பொரிக்கும், உங்கள் ஊர்க் குளிரில் கூடுதல் நாள் ஆகும். பொரித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடு. பெரியவர் ஒருவர் இல்லாமல் ஓடைக்குப் போகாதே, அணை திறக்கும் பகுதியில் இறங்கவே கூடாது.

கேள்வி (வாசகி, அரவங்காடு): தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உப்பு குறையுமா?

பதில்: குறையாது, கூடும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே இருக்கும். துணியில் வடிகட்டினாலும் போகாது. வீட்டுக்கு ஆர்.ஓ. வைத்தால் குடிக்கும் நீரில் குறையும், ஆனால் அது பிரித்த உப்பெல்லாம் கழிவுக் குழாய் வழியே கீழே பள்ளத்துக்குத்தான் போகிறது.